சக்கரத்தில் மண்: வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

மட்பாண்டம் வனையக் கற்கும் வகுப்பு. இன்று சக்கரத்தைத் தொடாத நாள். ஒருவருக்கு அரைக் கிலோ மண், அதைப் பிசைவது மட்டுமே வேலை. மாவு போல மடித்து மடித்துப் பிசைந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் காற்று புகுந்துகொள்ளும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழும் முன்னுமாகத் தள்ளி, உருட்டிப் பின்னுக்கு இழுத்து, மறுபடி தள்ள வேண்டும். நாற்பது ஐம்பது முறை போதும். பிறகு உருண்டையைக் கம்பியால் இரண்டாக அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய முகத்தில் குமிழ்க் குழிகளோ, இறுகலும் இளகலுமாக வரிகளோ தெரிந்தால் பிசைந்தது போதாது. காற்றைவிட இந்த இறுகல்-இளகல்தான் பெரிய தொல்லை. சக்கரத்தில் ஏற்றியதும் கை எவ்வளவு நிலையாக இருந்தாலும் மண் ஒரு பக்கமாகவே துள்ளும்.

ஜூன் 5

நடுப்படுத்துதல். சக்கரத் தட்டு லேசான ஈரத்தோடு இருந்தால் போதும். தண்ணீர் தேங்கியிருந்தால் உருண்டை வழுக்கிக்கொண்டு போகும். உருண்டையை நடுவில் ஓங்கி அறைந்து, சுற்றிலும் விளிம்பை விரலால் அழுத்தித் தட்டோடு ஒட்ட வைக்க வேண்டும்.

வலக்கைக்காரர்களுக்கு இடஞ்சுழி, வேகம் நன்றாகவே வேண்டும். இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றி, உள்ளங்கையால் பக்கவாட்டில் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். வலக்கை மேலிருந்து அழுத்தும். இது பலத்தால் ஆகும் வேலையல்ல. முழங்கை ஆடினால் மண் கையை ஆட்டும், ஊன்றியிருந்தால் கை மண்ணை அடக்கும். கூம்பாக மேலே எழுப்பி, மறுபடி கீழே அமுக்கி, இப்படி இரண்டு மூன்று தடவை. எழுப்பும்போது உச்சியில் குழி விழ விடக் கூடாது. அமுக்கும்போது அந்தக் குழிக்குள் சேற்று நீர் மாட்டிக்கொள்ளும்.

சோதிக்க ஒரு வழி: ஊசி நுனியை அசையாமல் பிடித்து மண்ணை மெல்லத் தொட வைப்பது. சுற்றிலும் முழுக் கோடு விழுந்தால் மண் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கீறல் விழுந்தால் இன்னும் இல்லை. இன்று பலரும் கையைச் சட்டென்று எடுத்ததில் நடுவில் நின்ற மண்ணே கலைந்தது. கையை விலக்குவதையும் மண் ஒரு முழுச் சுற்று சுற்றும் அளவுக்கு நிதானமாகச் செய்ய வேண்டும்.

ஜூன் 9

குழி திறந்து அடி அமைத்தல். கட்டைவிரலை நடுவில் இறக்கி, ஊசியைக் குத்தி ஆழம் பார்க்க வேண்டும். பிறகு அடியைச் செதுக்கப் போகிறோம் என்றால் 8 மி.மீ. கனம் விடலாம், செதுக்காத பாத்திரத்துக்கு 5 மி.மீ. போதும்.

அடுத்த வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தளத்தை விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் மூன்று முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். சுவரை இழுக்கும்போது மண் நெருக்கப்படுகிறது, தளத்தை யாரும் நெருக்குவதில்லை. காயும்போது அது பிளந்து, நடுவில் வளைந்த விரிசலாகத் தெரியும். உள்ளே தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 12

சுவர் எழுப்புதல். வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உள்ளே இடக்கை விரல், வெளியே வலக்கை விரல், இரண்டையும் கட்டைவிரலால் இணைத்துக்கொண்டால் ஒன்றுக்கொன்று விலகாது. வெளிவிரல் உள்விரலுக்குச் சற்றுக் கீழே இருந்து அடியோரத்தை அழுத்தினால் மண் ஒரு மேடாகத் திரளும். அந்த மேட்டை மேலே கொண்டு போவதுதான் இழுப்பு. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது விரல் ஒரு விரலகலம் ஏறினால் சரி. அவசரப்பட்டால் சுவரில் திருகு வரிகள் விழும், விரல் காய்ந்திருந்தால் சுவர் முறுக்கிக்கொள்ளும்.

சுழற்சி மண்ணை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு இழுப்பும் சற்று உள்சாய்வாக இருக்க வேண்டும். நேராக இழுக்கிறோம் என்று நினைத்தால் கிண்ணமாக விரிந்துவிடும். இழுப்பு ஒவ்வொன்றுக்கும் பின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தி உறுதிப்படுத்த வேண்டும். மூன்று, மிஞ்சினால் நான்கு இழுப்பு. அதற்கு மேல் மண் தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும்.

வகுப்பின் கடைசியில் இன்று வனைந்த எல்லாவற்றையும் கம்பியால் செங்குத்தாக இரண்டாக அறுத்தோம். நல்லதாகத் தெரிந்ததையும் விடவில்லை. வெளியே ஒரே சீராகத் தெரிந்த ஒரு குவளையின் வெட்டு முகத்தில் சுவரின் கனம் அடியோரம் 14 மி.மீ., நடுவே 4, வாயருகே 7. அந்தக் குவளை ஏன் சரிந்து உட்காரப் பார்த்தது என்பது அந்த வெட்டிலேயே இருந்தது: வாயின் பாரத்தைத் தாங்க நடுவில் மண் இல்லை. ஆரம்பத்தில் பாத்திரங்களைச் சேர்த்து வைப்பதைவிட அறுத்துப் பார்ப்பதில்தான் கை வேகமாகத் தேறுகிறது.

ஜூன் 16

அடி செதுக்குதல். நகம் பதியும், ஆனால் அழுத்தினால் வளையாது, இதுதான் பதம். கவிழ்த்து வைத்து நடுப்படுத்தி, மூன்று மண் உருண்டைகளால் ஓரத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். சுருள் நீளமாக, நாடா போல் வந்தால் பதம் சரி. கத்தியில் ஒட்டினால் ஈரம் அதிகம், பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. செதுக்கும்போது அடியை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெலிய மெலிய ஓசை மாறும்.

காய்ந்த செதுக்குத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அதில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் மட்டும் துடைக்கிறோம்.

ஜூன் 27

முதல் சூடு, சுமார் 1000 டிகிரி செல்சியஸ். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. தடித்த அடி கொண்ட இரண்டைச் சூளையில் ஏற்றாமல் எடுத்து வைத்தாயிற்று. சூளையில் பாத்திரம் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குமிழால் அல்ல, நீராவியால். அதனால் 100 டிகிரியைத் தாண்டும்வரை மிக மெதுவாகத்தான் ஏற்றினோம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் (சிலிக்காப் படிகம்) சட்டென்று உருமாறிப் பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கேயும் அவசரம் ஆகாது.

ஜூன் 29

100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே திறந்தோம். வெடித்தது ஒன்றுமில்லை. மூன்று பாத்திரங்களின் அடியில் நடுவே வளைந்த விரிசல். மூன்றும் ஜூன் 9 அன்று தளம் தேய்க்காமல் விட்ட வரிசையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மெருகு (சூட்டில் கண்ணாடி போல் படியும் பூச்சு) பூசுவதில்லை. அடுத்த வகுப்பில் புதிய உருண்டை பிசைவதற்கு முன் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறோம்.