அணைத்த பின் கேட்க வேண்டிய ‘டிக்’

இரண்டு வாசல் நிலைக்கு வேங்கைச் சட்டங்கள் அறுக்க வேண்டியிருந்தது. காலையில் பட்டறைக்கு வந்து மேசை ரம்பத்தின் சுவிட்சைப் போட்டேன். ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகல்தான் வந்தது, பிளேடு அசையவில்லை. நாலைந்து நொடியில் எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிட்டது.

மோட்டார் 2 எச்பி, சிங்கிள் பேஸ், 1440 ஆர்பிஎம். பெல்ட் வழியாக ரம்பத்தை ஓட்டுவது. ஆறு வருடத்தில் ஒரு நாள் கூட மக்கர் பண்ணியதில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் பெல்ட்டைக் கழற்றினேன். புல்லியைக் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றியது, அதனால் இறுக்கம் எதுவும் இல்லை. அப்புறம் மறுபடி கரண்ட் கொடுத்து, முனகும்போதே ஒரு நீளக் குச்சியால் புல்லியை லேசாகத் தள்ளிவிட்டேன். உடனே வேகம் பிடித்து ஓடியது. மோட்டாரை ஓட்டுகிற காயில், அதாவது கம்பிச் சுருள், நன்றாக இருக்கிறது, கிளப்பிவிடுகிற பக்கத்தில்தான் கோளாறு என்று இதிலிருந்து தெரியும். பெல்ட்டும் பிளேடும் இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. விரலால் தள்ளுவதும் கூடாது.

மோட்டாரைக் கிளப்பிவிட உதவும் கண்டென்சரின் பெட்டியைத் திறந்தால், கண்டென்சரின் மேல்மூடி உப்பியிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு குண்டு பல்பை வைத்து மிச்ச சார்ஜை இறக்கிவிட்டுக் கழற்றினேன். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் உள்ள புதியதை வாங்கி மாட்டியதும் மோட்டார் எடுத்தது. விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் மோட்டார் எடுத்ததிலிருந்தே சத்தம் கனமாக இருந்தது. மூன்று நிமிடம் கூட ஆகவில்லை, பட்டாசு மாதிரி வெடித்துப் பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். புல்லி மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. சத்தமே இல்லை. அந்த அமைதிதான் உறைத்தது.

இந்த வகை மோட்டாரை அணைத்தால், நிற்பதற்குச் சற்று முன்னால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஸ்டார்ட்டிங் கண்டென்சர் சில நொடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. மோட்டார் முக்கால்வாசி வேகம் பிடித்ததும் தண்டில் இருக்கும் எடைகள் விலகி, சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் அதை இணைப்பிலிருந்து வெட்டிவிடும். அணைத்த பின் வேகம் குறையும்போது அதே சுவிட்ச் மறுபடி சேர்கிற சத்தம்தான் அந்த ‘டிக்’. அது வரவில்லை என்றால் சுவிட்ச் விலகவே இல்லை. யோசித்துப் பார்த்தால், சில வாரமாகவே அது கேட்பதும் கேட்காததுமாக இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு (திரும்ப மாட்டும்போது அதே நிலையில் உட்கார இது உதவும்) மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே மரத்தூளும் கிரீஸும் வேங்கைப் பிசினும் சேர்ந்து அடை மாதிரி படிந்திருந்தது. தண்டின் மேல் வழுக்கி நகர வேண்டிய பகுதி அசையாமல் ஒட்டியிருந்தது. சுவிட்சில் கரண்ட் கடக்கும் தொடர்புப் புள்ளிகள் இரண்டும் கருத்து, ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. பலர் இந்தப் புள்ளிகளை அரத்தால் தேய்த்து மறுபடி மாட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே இருக்கும் வெள்ளிப் பூச்சு போனால் இன்னும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். புது சுவிட்ச் பிளேட்டே போட்டேன். பேரிங்கில் கரகரப்பு இருந்ததால், இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய வகையாகப் பார்த்து அதையும் மாற்றினேன்.

காயில் தப்பித்ததா என்று பார்க்க, மோட்டார் காயில் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் சீரிஸ் லாம்ப் (சோதனை பல்பு) வைத்துப் பார்த்தார், மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டார், குனிந்து மோந்தும் பார்த்தார்.

“வைண்டிங் பொழச்சிக்கிச்சு தம்பி. ஆனா மோட்டார் எடுக்கும்போது பட்டறையில லைட்டு மங்குதா?”

“மங்கும்ணே. நல்லாவே மங்கும்.”

“அப்ப வயரப் பாரு. இல்லன்னா திரும்ப இங்கதான் வரும்.”

அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் மாற்றிய கண்டென்சர்களை விட மதிப்பு அதிகம். வீட்டு மீட்டரிலிருந்து பட்டறைக்கு 25 மீட்டர் தூரம், நான் இழுத்திருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 226 வோல்ட் காட்டியது. மோட்டார் எடுக்கிற கணத்தில் 188க்கு இறங்கியது. கிளம்பும்போது மோட்டார் ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், மெல்லிய வயரில் அப்போது வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் தண்டைச் சுழற்றும் திருகு விசையோ வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230க்குப் பதில் 188 என்றால் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மோட்டார் திணறித் திணறி வேகம் எடுக்கிற அத்தனை நேரமும் புள்ளிகள் வழியாகப் பெரிய கரண்ட் ஓடும். தூள் அடைத்து ஏற்கெனவே தாமதமாக விலகிக்கொண்டிருந்த சுவிட்ச் இதில்தான் பற்றிக்கொண்டது.

4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தேன். செலவில் பெரியது அதுதான். இப்போது கிளம்பும்போது 207க்குக் கீழே போவதில்லை. சுவிட்சைப் போட்டதும் எடுத்துவிடுகிறது.

நிலைகள் இரண்டும் வீடு சேர்ந்துவிட்டன. என்னுடையது காற்றோட்டத்துக்குத் துளைகள் விட்ட திறந்த வகை மோட்டார், மரப் பட்டறைக்கு அது ஒத்துவராது. உடல் முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த வகைதான் தேவை, அடுத்து வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். அதுவரை சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காற்றடித்துத் தூளை வெளியேற்றுகிறோம். தினமும் கடைசியாக மெஷினை அணைப்பது என்னோடு வேலை செய்யும் பையன். அணைத்துவிட்டு, “கேட்டுச்சுண்ணே” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறான்.