இருக்கிற இருபதும் போய்விடுமா?

ராணுவத்தில் பட்ட காயத்துக்காக வருகிற டிசபிலிட்டி பென்ஷனைக் கூட்டித் தரச் சொல்லி மனு போட்டால், வருவதும் நின்றுவிடுமா? எங்கள் வேலூர்ப் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் கேண்டீன் வரிசையில் நின்றால் மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி காதில் விழும். "கேட்காதே தம்பி, இருக்கிறதையும் பிடுங்கிடுவான்" என்று ஒரு சுபேதார் சொல்வார். "அதெல்லாம் சும்மா, ஒருதரம் கொடுத்தா கொடுத்ததுதான்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நான் மனு போட்டு, மெடிக்கல் போர்டு முன்னால் நின்று, முடிவும் வாங்கிவிட்டதால் எழுதுகிறேன்.

லடாக்கில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்ததில் எனக்கு முதுகில் அடி. எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கிவிட்டது. லோ மெடிக்கல் கேட்டகரியிலேயே, அதாவது முழு உடல்தகுதி இல்லாதவன் என்ற வகையிலேயே, மீதி சர்வீஸை ஓட்டி, ஹவில்தாராக வெளியே வந்தேன். வெளியே அனுப்பும்போது பரிசோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டு, ஊனம் 20 சதவீதம், ஆயுளுக்கும் என்று எழுதியது. பணியால் வந்த காயம் என்று ஒத்துக்கொண்டதால் சர்வீஸ் பென்ஷனோடு, ஊனத்துக்கான பங்கான டிசபிலிட்டி எலிமென்ட்டும் சேர்ந்தது. 19 என்று எழுதியிருந்தால் அது கிடைத்திருக்காது. பணிக்காலம் முடித்து வருகிறவனுக்கு 20தான் வாசல்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரியாமல் மனுவில் கையெழுத்துப் போடவே கூடாது. போர்டு கொடுக்கிற சதவீதம் வேறு, பணம் கணக்கிடுகிற சதவீதம் வேறு. 50க்குக் குறைவு என்றால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை என்றால் 75 ஆகவும், 76 முதல் என்றால் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடுவார்கள். பிராட் பேண்டிங் என்பது இதுதான். முதலில் ஊனத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் கதவு திறந்தது. ஆக, என் 20க்கு நான் வாங்குவது 50க்கான பணம்.

நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அப்படியானால் 50க்கு 15 சதவீதம், 75க்கு 22.5 சதவீதம். சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய், 9,000 ரூபாய், டி.ஏ. தனி. இப்போது மனுவைப் பாருங்கள். போர்டு எனக்கு 30 கொடுத்தாலும், 40 கொடுத்தாலும், 49 கொடுத்தாலும் ஒரு பைசா கூடாது. 50ஐத் தொட்டால்தான் 3,000 கூடும். 15 என்று எழுதிவிட்டாலோ 6,000மும் போச்சு. ஜெயித்தால் மூவாயிரம், தோற்றால் ஆறாயிரம். சீட்டு விளையாடுகிறவன்கூட இந்தப் பந்தயத்துக்கு யோசிப்பான்.

சரி, அப்படிக் குறைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டா? உண்டு. பாதுகாப்பு அமைச்சகம் 2001 பிப்ரவரி 7ஆம் தேதி போட்ட கடிதத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. நிரந்தரமான ஊனம் என்று முடிவானால் அந்தச் சதவீதம் ஆயுளுக்கும் செல்லும், அவர்களாகக் கூப்பிட்டு மறுபரிசோதனை செய்யமாட்டார்கள், சம்பந்தப்பட்டவரே கேட்டால் தவிர. அந்தத் 'தவிர'தான் விஷயமே. நாமே கேட்டால், முப்படை மருத்துவ சேவையின் தலைமை இயக்குநரான டி.ஜி.ஏ.எஃப்.எம்.எஸ். அமைக்கிற ரிவ்யூ மெடிக்கல் போர்டு பார்க்கும், அது சொல்வதே இறுதி. ஏற்றித்தான் சொல்லவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை.

கேண்டீன் வரிசைப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் இதில் புரிகிறது. 2001க்கு முன்னால் ரீ-சர்வே போர்டு என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். காயம் ஆறிவிட்டது, 20க்குக் கீழே போய்விட்டது என்று எழுதினால் டிசபிலிட்டி எலிமென்ட் நின்றுவிடும். அப்படிப் பென்ஷன் இழந்த பெரியவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, அவர்கள் காலத்து விதி அப்படி. ஒன்று மட்டும் அப்போதும் இப்போதும் மாறவில்லை: போவது டிசபிலிட்டி எலிமென்ட் மட்டுந்தான். சர்வீஸ் பென்ஷனில் கைவைக்க முடியாது. ஊனத்தால் பாதியில் வந்தவர்களுக்கும், பிறகு 20க்குக் கீழே இறங்கினால்கூட, பணிக்காலத்துக்கான பங்கான சர்வீஸ் எலிமென்ட் தொடரும். எல்லாமே போய்விடும் என்று வீட்டுக்காரம்மாவைப் பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கேட்டேன்? இடது கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் பாதம் மரத்துப்போனது. அப்புறம் மாடிப்படியில் கட்டைவிரல் இடிக்க ஆரம்பித்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து ரெஃபரல் வாங்கி, எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனையும் செய்தார்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. என் துணிச்சலுக்கு இந்தக் காகிதம்தான் காரணம். வலி கூடிவிட்டது என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டிய நிலையில் இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

மனுவைவிட அதற்கு முன்னால் செய்தவைதான் முக்கியம். ரிலீஸ் போர்டு நடவடிக்கைகளின் நகல் என்னிடம் இல்லை. ஆர்.டி.ஐ. போட்டு வாங்கினேன். வாங்கிப் பார்த்தால், 20 கொடுத்ததற்கான காரணமாக டாக்டர் எழுதியிருந்தது குனியும் அளவையும் வலியையும் மட்டுமே. காலில் பலவீனம் இல்லை என்று தனியாகவே குறித்திருந்தார். எனக்கு அது பெரிய உதவி. அன்றைக்கு இல்லாதது இன்றைக்கு இருக்கிறது என்று காட்டினால் போதும், பழைய போர்டு தப்பு என்று சண்டை போடவேண்டியதில்லை. மனுவையும் அப்படியே எழுதினேன், ஒரே பக்கம். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, பழைய போர்டு நகல், புது ரிப்போர்ட்டுகள் எல்லாம் இணைத்து, எங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல்களில் சான்றொப்பம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பினேன். பிறகு நீண்ட மௌனம். அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் சேர்த்துப் போடு, சதவீதம் கூடும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. போர்டு பார்ப்பது ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஊனம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதை. சர்வீஸை விட்டு வந்தபின் வந்த சர்க்கரை வேறு வழக்கு. இதில் சேர்த்தால் கோப்பு குழம்பும்.

போர்டு அன்று உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று ராணுவ டாக்டர்கள். ஆனால் உண்மையான பரிசோதனை அதற்கு முன்னால் எலும்பு மருத்துவரிடம் நடந்தது. சின்ன வயது மேஜர், அதிகம் பேசவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார், இடது பாதம் மேலே நிற்காமல் தொப்பென்று விழுந்தது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார். தையல்காரர் வைத்திருப்பதைப்போல ஒரு டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது கால் இளைத்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். கடைசியாக, கழற்றிவைத்திருந்த என் ஷூவைத் திருப்பி அடியைப் பார்த்தார். இடது ஷூவின் நுனி தேய்ந்துபோயிருந்தது. அதைக் குறித்துக்கொண்டார். நான் ஒரு மணிநேரம் பேசியிருந்தாலும் அந்தத் தேய்மானம் சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது. போர்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றைக்கென்று புது ஷூ போட்டுக்கொண்டு போகாதீர்கள். இல்லாத நொண்டலை நடித்துக் காட்டுவதும் வேண்டாம். நாள் முழுக்க நொண்டுகிறவர்களையே பார்க்கிற டாக்டருக்கு வித்தியாசம் தெரியும்.

முடிவு 40 சதவீதம், ஆயுளுக்கும்.

இருபது நாற்பதானது. பணம்? அதே 50க்கான பணம்தான். 49 வரைக்கும் ஒன்றுதான் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதில் சரியாக மாட்டினேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். ஷூவைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு ஒழுங்காகச் செய்த ஒரு பரிசோதனையை எதிர்த்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டேன். எனக்கு வருத்தமும் இல்லை. 20 என்பது வாசல்படியின் விளிம்பு, 40 கொஞ்சம் உள்ளே.

போன மாதம் என் யூனிட்காரர் ஒருவர் போன் செய்தார். அவருக்கு பிரஷருக்காக 30 சதவீதம், வாங்குவது 50க்கு. கேட்கலாமா என்றார். மாத்திரையில் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, 130தான் என்றார் பெருமையாக. இதயத்திலோ சிறுநீரகத்திலோ பாதிப்பு என்று ஏதாவது ரிப்போர்ட்? ஒன்றும் இல்லையாம். அப்படியானால் பேசாமல் இருங்கள் அண்ணே என்றேன். 60 வைத்திருப்பவர் வேறு கணக்குப் போடவேண்டும்: ஏறினால் 76 வேண்டும், 50க்குக் கீழே இறங்கினால் 75க்கான பணம் 50க்கானதாகிவிடும். 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்கு விதிகளே வேறு, பணிக்காலம் முடித்து வருகிறவர்களுக்குப் பெயரும் இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று மாறிவிட்டது. அவர்கள் என் கணக்கை வைத்து மனு எழுதவேண்டாம், அந்தப் புது விதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரட்டும்.