ரெண்டு நூல்

டிசம்பர் 1, 2024
புயல் கரை கடந்தும் மழை விடவில்லை. மாலை போட்ட அப்பா படம் இடப்பக்கம் சாய்கிறது. மூன்று தடவை சரிசெய்தேன்.

டிசம்பர் 2
படம் மறுபடியும் சாய்ந்துவிட்டது. டிரங்குப் பெட்டியைக் குடைந்து ரசமட்டத்தை எடுத்தேன். மரச்சட்டத்தில் அவர் பிடிக்கும் இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கிறது. அடுப்பு மேடை, தையல் மிஷின், எதையும் விட்டவரில்லை. ஆஸ்பத்திரியிலும் இதைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டில்மேல் வைத்துப் பார்த்தார். "தலைமாடு ரெண்டு நூல் ஏறியிருக்கும்மா." ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. மூச்சுக்காக நர்ஸ்தான் ஏற்றி வைத்திருந்தாள். நான் சொல்லவில்லை.

டிசம்பர் 3
71 பாகிஸ்தான் போர் தொடங்கிய தேதி. வருஷா வருஷம் இன்றைக்குச் சவரம் செய்துகொண்டு ஷூவுக்கு பாலிஷ் போடுவார். எங்கேயும் போகமாட்டார்.

டிசம்பர் 5
வங்கியில் அரை நாள். ஆதாரில் அம்மா பெயரில் இரண்டு 'ஏ', ராணுவப் பதிவில் ஒன்று. பார்ட் டூ ஆர்டர் நகல் வேண்டுமாம். கல்யாணமும் பிள்ளைகள் பிறந்ததும் யூனிட்டில் அதில்தான் ஏறும். அம்மா அந்தப் பையனைப் பார்த்து, "நாப்பத்தாறு வருஷம் அவருக்கு வராத சந்தேகம் உனக்கு வந்துடுச்சா?" என்றாள். குடும்ப பென்ஷன் இந்த மாதம் வராது.

டிசம்பர் 6
பெங்களூரிலிருந்து போன். "தம்பி இருக்கானா?" மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்காரர்கள் எல்லோருமே ராணுவத்தில் 'தம்பி'தான். வீட்டில் தம்பி என்றால் என் தம்பி, போனில் தம்பி என்றால் அப்பா. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் இருமல் சத்தம் மட்டும்.

டிசம்பர் 8
தூக்கமில்லை. பாடை ஞாபகமாகவே இருக்கிறது. முன்னால் தூக்கிய இரண்டு பேரும் நெட்டை, பின்னால் குட்டை. தெருமுனைவரை தலை மேலும் கீழுமாக ஆடியது. ராணுவம் கோத்துப் போடும் பெய்லி பாலத்துப் பேனல் ஒன்று பத்தடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ, ஆறு பேர் ஒரே சொல்லுக்குத் தூக்கவேண்டும் என்பார். வெல்டிங் கிடையாது, பின் அடித்தால் பாலம். காஸ் சிலிண்டரைக்கூட எனக்கு அப்படித்தான் தூக்கக் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு "ஒண்ணா தூக்கு" என்று சொல்ல ஆளில்லை. நான் வாசற்படியோடு நிறுத்தப்பட்டவள்.

71 போரில் பசந்தர் ஆற்றுச் சண்டை பற்றி அவர் சொன்னது குளிர் மட்டும்தான். டிசம்பர் 15 ராத்திரி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணிவெடி வயல். விடிவதற்குள் டாங்கிகளுக்குப் பாதை வேண்டும். மறுநாள் அங்கே செத்த டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பாலுக்கு 21 வயது, பரம்வீர் சக்ரா. "எனக்கும் அதே வயசுதான்" என்று ஒருமுறை சொன்னார், அதற்குமேல் போகவில்லை. வயல் வரப்பில் நடக்கும்போதுகூட குதிகாலை ஊன்றமாட்டார். நாங்கள் சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

டிசம்பர் 9
படம் சரியாகத்தான் இருக்கிறது. ஆணிதான் ஆடுகிறது.

டிசம்பர் 10
வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. அந்த இரண்டு மாதமும் என் ஜடை அவர் பொறுப்பு. கயிறு முறுக்கிப் பழகிய கை. கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும், சாயங்காலம்வரை ஒரு மயிர் அவிழாது. ஸ்கூலில் எல்லோரும் சிரித்தார்கள். லீவு முடிந்து போன மறுநாள் அம்மா பின்னியது மத்தியானமே அவிழ்ந்ததும் நான் அழுதேன். அதை அம்மா லெட்டரில் எழுதிவிட்டாள். '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து பதில் வந்தது: மூன்று புரி ஜடைக்கு வரைபடம், அம்புக்குறி போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிட்டு. அம்மா இன்னும் கோபமாக இருக்கிறாள், அதற்கு.

டிசம்பர் 11
பாலாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. இணைப்பு இடைவெளியில் தாரை அடைத்திருக்கிறார்கள். வெயிலில் கான்கிரீட் விரிய எங்கே இடம்? அவர் இருந்தால் இறங்கியே சண்டை போட்டிருப்பார். ரிட்டயர் ஆனபிறகு ஒப்பந்தக்காரர்களிடம் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாததற்குக் காரணம் இதுதான்.

டிசம்பர் 12
நாளை பதினாறாம் நாள். திருவண்ணாமலையில் தீபமும் நாளைக்கே. எங்கள் வாசலில் அகல் கிடையாது. வாழையிலை அறுபது சொல்லியாயிற்று. தம்பி துபாயிலிருந்து வந்துவிட்டான். ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு அடித்தான், ரசமட்டம் வைக்காமல். டிரங்குப் பெட்டிச் சாவியைக் கேட்கிறான். நான் கொடுக்கவில்லை.