ஓரியூருக்கு ஒரு கிடா

தேவகோட்டையிலிருந்து குட்டியானை கிளம்பும்போது விடிகாலை மணி நாலேமுக்கால். முன்னால் டிரைவரும் மச்சானும். பின்னால் அண்டா, கரண்டி, விறகுக்கட்டு, அரிசி மூட்டை, அக்கா, நான், அக்காவின் பேரன்கள் இரண்டு பேர், அப்புறம் கிடா. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. பதினொரு மாதம் அக்கா கையால் அகத்திக்கீரை தின்று வளர்ந்தது. பையன்கள் அதற்கு மணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நேந்துவிட்டதுக்குப் பேரு வைக்காதீகன்னு எத்தனை வாட்டி சொல்றது" என்று போன வாரம்வரை திட்டிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு வண்டி குலுங்கும்போதெல்லாம் "மணி, நில்லுடா" என்றாள்.

அக்காவுக்குப் போன வருஷம் மதுரையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். உள்ளே போவதற்கு முன்னால் ஓரியூர்ப் புனிதர் அருளானந்தரிடம் நேர்ந்துகொண்டாளாம்: நல்லபடியா எழுந்து நடந்தால் ஓரியூரில் கிடா வெட்டி, வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறேன், சமைத்ததில் ஒரு பருக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன்.

எனக்குத்தான் நெருடல். நான் எங்கள் பங்கில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி எடுக்கிறவன். காளைகள், ஆட்டுக்கிடாய்களின் ரத்தம் பாவங்களைப் போக்காது என்று எபிரேயர் திருமுகம் பத்தாம் அதிகாரம் நேரடியாகவே சொல்கிறது. கிறிஸ்து தம்மையே ஒரே முறை பலியாகக் கொடுத்துவிட்டார், அதற்குமேல் பலி கிடையாது என்று வருஷா வருஷம் தவக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, செப்டம்பரில் கிடாவோடு வண்டி ஏறுவதா? அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ பாடம் நடத்து. நான் கிடா வெட்டுறேன். ரெண்டு பேரும் ஒரு கோயிலுக்குத்தானே போறோம்" என்றாள்.

அப்பா காரைக்குடியில் ஒரு வட்டிக்கடையில் கணக்கெழுதினார். சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் எங்கள் வீட்டில் பேச்சுவழக்கு. அரிசி வாங்கப் போகும்போதுகூடப் "பற்றுல எழுதிக்கச் சொல்லு" என்பார். அதனால்தானோ என்னவோ, கிறிஸ்தவத்தின் பெரிய சொற்களெல்லாம் எனக்கு முதலில் கடைச் சொற்களாகத்தான் காதில் விழுந்தன. மீட்பு என்று பூசையில் கேட்டால் நகை ஞாபகம் வரும். மானிடமகன் பலருடைய மீட்புக்கு ஈடாகத் தம் உயிரைக் கொடுக்க வந்தார் என்று மாற்கு நற்செய்தியில் ஒரு வரி இருக்கிறது. ஈடு, மீட்பு. அப்பாவின் மேஜைமேல் தினமும் புரண்ட இரண்டு சொற்கள் ஒரே வரியில். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் சொல்லும் அடிமைகளையும் போர்க்கைதிகளையும் விடுவிக்கக் கட்டும் தொகையைக் குறிப்பதுதான் என்று பிற்பாடு படித்தேன். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, சாமியார் கொடுக்கிற பரிகாரத்துக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் அபராதம். பாவத்துக்குப் பரிகாரம் என்று பொருள்படும் கழுவாய் என்ற சொல் மட்டும் கடைக்கு வெளியே நிற்கிறது. புறநானூற்றிலேயே இருக்கிறது அது. கொடிய பாவங்களுக்குக்கூடக் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்தி இல்லை என்று பாடும் பாட்டு. அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 1994இல் எனக்கு இருபத்திரண்டு வயது. சிங்கப்பூர் போகிறேன் என்று ஓர் ஏஜெண்டை நம்பி, அக்கா கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்துவைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியை எடுத்து அடகு வைத்தேன். அப்பா வேலை பார்த்த கடையில் இல்லை, அந்த அளவுக்கு விவரம் இருந்தது. ஏஜெண்ட் பணத்தோடு மறைந்துவிட்டான். சங்கிலியைக் காணோம் என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டபோது, என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "திருவிழாக் கூட்டத்துல போட்டுக்கிட்டுப் போனேன், கழண்டு விழுந்துருச்சு போல" என்று சொல்லிவிட்டாள். அம்மா அடித்த அடியை நான் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடிவந்த சம்பந்தம் தள்ளிப்போனது. அக்கா செட்டியார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகாரம் சுடப் போனாள். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம். ஒரு தேன்குழலுக்கு ஒரு தேன்குழல் நிறம் மாறாமல் எடுக்க வேண்டும், அந்த வீடுகளில் கண் அவ்வளவு கூர்மை. மூன்று வருஷம் அடுப்படியில் நின்று, ஏலத்துக்குப் போகவிருந்த சங்கிலியை வட்டியும் முதலுமாகக் கட்டி மீட்டாள். வேறு சங்கிலி வாங்கியதாக அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பியதா, தெரியாது. ஆனால் கடைசிவரைக்கும் "தொலைச்சவ" என்று ஒரு சொல் வீட்டில் இருந்தது. 2009இல் அம்மா போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

திருவாடானை தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நடுநடுவே கண்மாய்க்கரைகள். ஓரியூர் நெருங்கவும் மண் சிவப்பது தெரிகிறது. அருளானந்தரின் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது நம்பிக்கை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு முடிச்சு அள்ளிக்கொண்டு போவார்கள்.

அருளானந்தர் என்று நாங்கள் சொல்லும் ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் 1647இல் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாக மதுரை மிஷனுக்கு வந்து, காவி உடுத்தி, புலால் தவிர்த்து, பண்டாரசாமியாக ஊர் ஊராக நடந்தவர். (புலால் தொடாத அவர் சன்னதியில்தான் நாங்கள் கிடா வெட்டுகிறோம். இதையும் அக்காவிடம் கேட்டேன். முறைத்தாள்.) 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, நாட்டைவிட்டு அனுப்பப்பட்டு, போர்ச்சுகல்வரை போய்விட்டு, இங்கேயே சாகத் திரும்பி வந்தார். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் நோய் தீர்ந்து அவரிடம் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் இளையவள் கடலாயி, ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையீட்டில் தொடங்கியது வினை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அது புதன்கிழமை, அந்த வருஷத்துச் சாம்பல் புதனும் அதுதான். முந்தைய நாள் கரியைத் தண்ணீரில் கரைத்துக் கடிதம் எழுதினாராம். 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம்.

பள்ளி நாளிலிருந்து இந்தக் கதையில் கடலாயி வில்லி. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஒருவருடைய ஆன்ம மீட்புக்கு அவள் கொடுத்த விலை அவளைக் கேட்டு எடுத்ததல்ல. அவளுக்குக் கழுவாய் செய்தவர் யார்? பிரசங்கங்களில் இது வராது. கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நாங்கள் போனதும் ஒரு புதன்கிழமை. கோயிலுக்கு வெளியே மொட்டை போடுகிற பிள்ளைகளின் அழுகை. எங்களுக்குப் பக்கத்து மரத்தடியில் ஓர் இந்துக் குடும்பம், காதுகுத்துக்காக வந்திருந்தார்கள். அவர்கள் கிடா எங்களுடையதைவிடப் பெரிது. மச்சானுக்கு அதில் லேசாக வருத்தம்.

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சங்கிலிக் கதையை மறுபடியும் சொன்னேன்.

"இதை எத்தனையாவது தடவை சொல்றீங்க?" என்றார் சாமியார்.

"கணக்கில்லை சாமி."

"முதல் தடவையே மன்னிச்சாச்சு. திரும்பத் திரும்பச் சொல்றீங்கன்னா, மன்னிப்புக் கேட்கலை, பாக்கியைக் கட்டப் பாக்குறீங்க."

அம்மா இல்லையே சாமி, யாரிடம் போய்ச் சொல்வேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இன்னைக்கு உங்க பந்தியில நீங்க பரிமாறுங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியா உட்காருங்க. அதான் அபராதம்" என்றார்.

பாக்கியைக் கட்டுவது என்ற அந்தச் சொல்லோடு வெளியே வந்தேன். 1098இல் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் எழுதியதும் ஏறத்தாழப் பாக்கிக் கணக்குத்தான். கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதையை மனிதன் தராமல் வைத்துக்கொண்டான். அந்தக் கடன் மனிதனுடையது, ஆனால் கட்டுகிற சக்தி கடவுளுக்கு மட்டுமே. ஆகவே கடவுளே மனிதரானார். ஜமீன் காலத்து மூளை, ஆனாலும் கணக்கு நேராக இருக்கும். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட் வந்து, சிலுவையில் தெரிகிற அன்பு நம் மனதைத் திருப்புகிறது, அதுதான் மீட்பு என்றார். முந்தைய நூற்றாண்டுகளின் ஆசிரியர்களோ சிலுவையைச் சாத்தானிடம் சிறைப்பட்டவர்களை விடுவித்த வெற்றியாகப் பார்த்தார்கள். பிற்காலச் சீர்திருத்தச் சபையினர் நமக்குரிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார் என்றார்கள். பூசையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் இதில் எதற்குள்ளும் இறங்கவில்லை. 'நமக்காக' என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

மறைக்கல்வியில் சிறுவயதில் எனக்குக் கிடைத்த சித்திரம் வேறு: கோபமாக ஒரு தகப்பன், அடி வாங்க ஒரு மகன். இன்றைக்கும் சில பிரசங்கங்களில் கேட்கிறேன். அதை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. பவுல் எழுதுவதைக் கவனித்தால் திசை தலைகீழாக இருக்கிறது. கடவுள்தாமே கிறிஸ்துவைக் கழுவாயாக முன்வைத்தார் என்கிறார் உரோமையர் மூன்றாம் அதிகாரத்தில். நாம் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்துவதல்ல. கடன் யாருக்குப் பட்டதோ அவரே எழுந்து வந்து கட்டுவது. கடைக்காரரே நகையை மீட்டுக் கொடுத்த கதை காரைக்குடியில் ஒரு கடையிலும் நடந்ததில்லை. அப்பா கேட்டிருந்தால், பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்றிருப்பார். எங்கள் வீட்டில் மட்டும் அப்படி ஒன்று நடந்தது. சங்கிலி யாருக்குரியதோ அவளே மீட்டாள்.

பூசை முடிந்து கிடாவுக்கு மந்திரித்த தண்ணீர் தெளித்து மாலை போட்டோம். அக்கா அதன் தலையில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணை மூடி நின்றாள். லேவியர் பதினாறில் இதே காட்சி. பாவக்கழுவாய் நாளில் இரண்டு கிடாய்கள். ஒன்றைக் கொன்று ரத்தத்தைத் தூயகத்துக்குள் கொண்டுபோவார் தலைமைக்குரு. உயிரோடிருக்கும் மற்றதன் தலையில் இரு கைகளையும் வைத்து, மக்களுடைய குற்றங்களையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார்கள். அந்த இரண்டாவது கிடா எங்கே போயிற்று என்று ஒரு பையன் வகுப்பில் கேட்டிருக்கிறான். போய்க்கொண்டே இருந்தது என்றுதான் சொன்னேன்.

"என்னக்கா சொன்னே, அதோட காதுல?"

"ஒண்ணும் சொல்லலை. வலிக்காமப் போன்னு சொன்னேன்."

மணி தலையைத் துலுக்கியது. எங்கள் பக்கத்துக் கருப்பர் கோயிலில் இதற்குத்தான் காத்திருப்பார்கள். கிடா சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் துலுக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நொடியில் கை நடுங்கியது. பையன்களை மச்சான் மண் அள்ளக் கூட்டிப் போய்விட்டார். வெட்டுக்காரர் ஒரே வீச்சில் முடித்தார். சிவந்த மண்ணில் ரத்தம் கொஞ்ச நேரம்தான் தனியாகத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்குப் பந்தி. இலை போட்டு, சோறு, கறிக்குழம்பு, ரசம். காதுகுத்துக்காரர்கள், மொட்டை போட்ட பிள்ளைகள், வாசலில் கையேந்துகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு கல்லூரிப் பையன்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு போய்விட்டது. ஒரு பாட்டி மூன்று தடவை குழம்பு கேட்டது. மூன்றாவது தடவை அண்ணாந்து பார்த்து, "யாரு வேண்டுதல்?" என்றது. அக்காவுடையது என்றேன்.

அடுப்பருகே அக்கா தனியாக இருந்தபோது சொன்னேன்: "அம்மாகிட்ட நான் சொல்லியிருக்கணும்க்கா."

கரண்டியைக் கழுவிக்கொண்டே, "சொல்லியிருந்தா உன்னையத் திட்டியிருக்கும். என்னையத் திட்டுச்சு. யாரையாச்சும் திட்டித்தானே ஆகணும் அதுக்கு" என்றாள். பிறகு, "ரசத்துல உப்பு பத்தலைங்கிறாக. பாரு" என்றாள்.

மூன்று மணிக்கு நான் உட்கார்ந்தபோது அண்டாவில் குழம்பின் அடி மட்டும் இருந்தது. அக்கா தூக்குச்சட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் இலையில் கவிழ்த்தாள். ஈரல்.

"கடைசியாத்தான் சாப்பிடணும்னு சாமியார் சொன்னாரு."

"ஈரல் திங்கக்கூடாதுன்னு சொன்னாரா?"

இலையில் சோறு போட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் அந்தச் சங்கிலி, வேர்வையில் ஒட்டிக்கிடந்தது.

பேரன்களில் சின்னவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். பெரியவன் இலையில் உட்காரவே இல்லை. திரும்பும்போது வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. அவன் மூலையில் போய், கிடா கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். தேவகோட்டையில் இறங்கும்போது டிரைவர், "தம்பி, அந்தக் கயிறு உங்களுக்கு வேணாம்னா குடுங்க, வீட்ல கன்னுக்குட்டி இருக்கு" என்று கேட்டார். அவன் தரவில்லை.