பால்மாப் பெட்டியில் பம்பரம்

விசுவமடுவில் லீவு நாட்கள். ஆணிப் பம்பரத்துக்குக் கயிறு சுற்ற நாலு வயதுக் கைகளுக்கு வராது. விரலால் சுழற்றும் பம்பரம்தான் அவர்களுக்குச் சரி.

பால்மாப் பெட்டி மட்டையில் சின்னப் போத்தலை வைத்து வட்டம் கீறி வெட்டுங்கள். அதே அளவு கடதாசி வட்டத்தை இரண்டு தரம் மடித்தால், மடிப்புகள் சந்திக்கும் இடமே நடு. கடதாசியை மட்டையில் வைத்து அந்த நடுவைக் குறித்து, மருந்து முறித்த நெருப்புக்குச்சியை அதில் செருகுங்கள். மட்டை குச்சியின் கீழ்ப்பாதியில் இருக்கட்டும். மேலே ஏறினால் பாரம் உயர்ந்து சீக்கிரம் சரியும். முற்றத்து மணலில் சுழலாது, சீமெந்துத் தரை வேண்டும்.

மட்டையை நடுவிலிருந்து துண்டுகளாகக் கீறி, சிவப்பையும் பச்சையையும் மாறி மாறிப் பூசிப் பாருங்கள். சுழலும்போது மங்கிய மஞ்சள் தெரியும். பிள்ளைகள் கத்துகிற கத்தல் இருக்கிறதே, அவ்வளவு சந்தோசம்! வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகளிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.