கோயிலைத் தேடினால் ‘கையில்’ வந்தது: எஸ்க்யூலைட்டில் தமிழ்த் தேடலைச் சீராக்கிய அனுபவம்

எங்கள் ஊர் நூலகத்தில் உள்ள பழைய இதழ்களின் கட்டுரைத் தலைப்புகளையும் சுருக்கங்களையும் சில நண்பர்கள் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்துவந்தோம். ஏறத்தாழ 40,000 பதிவுகள் சேர்ந்தபோது, இணைய இணைப்பே இல்லாத ஒரு பழைய மடிக்கணினியில் வாசகர்கள் அவற்றைத் தேடுவதற்கு வழிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. தனியாக ஒரு சர்வர் வேண்டாமல் நிரலுக்குள்ளேயே இயங்கி, தரவு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வதால் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வைப் பற்றி இன்றும் எனக்கு மனக்குறை இல்லை.

முதலில் எழுதிய வினவல், சொல்லின் இருபுறமும் விழுக்காட்டுக் குறியிட்டு, உரையின் எந்த இடத்தில் அது வந்தாலும் பிடிக்கும் ‘லைக்’ தேடல்தான். தேடல் எந்த வழியில் நடக்கும் என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளைன் குவெரி பிளான்’ என்ற கட்டளையை வினவலுக்கு முன்னால் சேர்த்து ஓட்டியபோது ‘ஸ்கேன்’ என்று வந்தது. அதாவது ஒவ்வொரு தேடலுக்கும் அட்டவணை முழுவதும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கப்பட்டது. சொல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபோது சாதாரண இன்டெக்ஸால் (விரைவாகத் தேடுவதற்கான வரிசைப்படுத்திய பட்டியலால்) உதவ முடியாது. ஆண்டு வாரியான வடிகட்டலிலும் இதே குறை இருந்தது. தேதியிலிருந்து ஆண்டை மட்டும் வெட்டியெடுத்து ஒப்பிட்டதால், அந்த நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் இருந்தும் பயன்படவில்லை. ஆண்டின் முதல் நாளையும் கடைசி நாளையும் எல்லைகளாகக் கொடுத்து வினவலை மாற்றியவுடன் ‘ஸ்கேன்’ ‘சர்ச்’ ஆனது; அதாவது இன்டெக்ஸ் பயன்பட்டது.

சொல் தேடலுக்கு எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் வசதிக்கு மாறினேன். 2015இல் வெளியான 3.9.0 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டுடன் வரும் இந்த வசதி, உரையைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தப் பதிவில் எந்த இடத்தில் வருகிறது என்ற பட்டியலை வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத் தலைப்புகளுக்கு விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. தமிழில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. அதை மடிக்கணினியின் முதுமை என்றே எண்ணிக்கொண்டேன். பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ‘கோயில்’ என்று தேடிவிட்டு, ‘கையில்’ என்ற சொல் உள்ள கட்டுரைகள் ஏன் வருகின்றன என்று கேட்டார்.

இதற்கு விடை ‘எஃப்டிஎஸ்5வோகேப்’ என்ற மெய்நிகர் அட்டவணையில் கிடைத்தது. முழுவுரை இன்டெக்ஸில் உண்மையில் சேமிக்கப்பட்டுள்ள சொற்களை அது அப்படியே காட்டும். அதில் தமிழ்ச் சொற்களே இல்லை. க, ய, ல, ம என்று ஒற்றை எழுத்துகளும் பொருளற்ற துண்டுகளும்தான் இருந்தன. இயல்பாகப் பயன்படும் ‘யூனிகோட்61’ என்ற சொற்பிரிப்பான், யூனிகோடில் எழுத்து, எண் ஆகிய வகைகளில் வருபவற்றைத்தான் சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. நம்முடைய கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் ‘எம்’ வகையைச் சேர்ந்த இணைகுறிகள் என்பதால், அவை நிற்கும் இடமெல்லாம் அதற்கு இடைவெளியாகத் தெரிகிறது. ‘கோயில்’ என்பதும் ‘கையில்’ என்பதும் க, ய, ல என்ற அதே மூன்று துண்டுகளாகின்றன. ‘கல்’, ‘கலை’, ‘கலி’ மூன்றும் ‘கல’ ஆகின்றன. தயக்கத்தின் காரணமும் இதிலேயே இருந்தது. ‘க’ என்ற துண்டு ஏறக்குறைய எல்லாப் பதிவுகளிலும் இருக்கும். அத்தகைய மூன்று நீண்ட பட்டியல்களை எடுத்து, அவை அடுத்தடுத்து வரும் இடங்களைப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஒரு விடை வெளியே வரும். பிழைக்கும் தாமதத்திற்கும் வேர் ஒன்றுதான் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது.

அட்டவணையை உருவாக்கும்போது சொற்பிரிப்பானின் ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பில், இயல்பாக உள்ள வகைகளுடன் ‘எம்’ வகையையும் சேர்த்தால் இது தீர்ந்துவிடும். கூடவே, தட்டச்சு செய்தவர்களில் சிலர் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும், சிலர் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் உள்ளிட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை தேடலுக்கு வேறு வேறு. ஆகவே சேமிக்கும் உரையையும் தேடும் சொல்லையும், இத்தகைய இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிக் குறிகளையும் அகற்றினேன்.

இப்போது ‘கோயில்’ என்று தேடினால் ‘கையில்’ வரவில்லை; ஆனால் ‘கோயிலில்’, ‘கோயிலுக்கு’ ஆகியவையும் வரவில்லை. முன்பு துண்டுகளாகக் கிடந்ததால் வேற்றுமை உருபு சேர்ந்த சொற்களும் தற்செயலாகப் பொருந்தியிருந்தன. தொடக்கப் பகுதியை மட்டும் பொருத்தும் முன்னொட்டுத் தேடலுக்காகச் சொல்லின் இறுதியில் உடுக்குறியிட்டும் பயனில்லை, ஏனெனில் ‘கோயிலில்’ என்பதில் முதல் ‘ல’வுக்குப் பின் புள்ளி கிடையாது. தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை நீக்கி, ‘கோயில’ என்ற முன்னொட்டாகத் தேடினால் எல்லா உருபுகளும் அகப்படும். ‘மரம்’ போன்ற மகர ஈற்றுச் சொற்களுக்கு ‘மரம’, ‘மரத்த’, ‘மரங்க’ என்ற மூன்று முன்னொட்டுகளை ‘ஆர்’ (அல்லது) கொண்டு இணைத்தேன். ‘வீடு’ என்றால் ‘வீட்ட’வும் சேரும். புணர்ச்சி விதிகளில் நான்கைந்தை நிரலில் எழுதியதே பெரும்பாலான தேடல்களுக்குப் போதுமானதாக இருந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததில்லை.

விடைகளை ‘ரேங்க்’ வரிசையில் அடுக்கி முதல் 20ஐ மட்டும் எடுக்கிறேன். பொருத்தத்தை அளக்கும் பிஎம்25 மதிப்பெண் இதில் எதிர்மறை எண்ணாக வந்து, சிறந்த விடைக்கே மிகச் சிறிய எண் கிடைப்பதால் இறங்குவரிசை கேட்கக்கூடாது.

உரையை இருமுறை சேமிக்காமலிருக்க முழுவுரை அட்டவணையை மூல அட்டவணையுடன் இணைத்து, மாற்றங்களை, பதிவு மாறும்போது தானாக இயங்கும் டிரிகர்கள் வழியாகக் கொண்டுசென்றேன். அதில் ஒரு தவறு செய்தேன். பதிவைத் திருத்தும்போது ‘டிலீட்’ கட்டளைக்குப் பழைய உரையைக் கொடுக்காமல் புதிய உரையைக் கொடுத்துவிட்டேன். இன்டெக்ஸ் பழைய சொற்களை நீக்காமலே வைத்துக்கொண்டது. ‘ரீபில்ட்’ கட்டளையால் முழுவதையும் மறுபடி கட்டினேன். அதன்பின் வாரம் ஒருமுறை, இன்டெக்ஸைச் சரிபார்க்கும் ‘இன்டெக்ரிட்டி-செக்’ ஓட்டுகிறேன்.

‘மாரியம்மன்கோயில்’ என்று சேர்த்தெழுதிய தலைப்புகள் மட்டும் முன்னொட்டுத் தேடலில் சிக்குவதில்லை. அவற்றுக்காகத் தலைப்புகளுக்கு மட்டும் ‘டிரைகிராம்’ சொற்பிரிப்பானில் இரண்டாவது அட்டவணை ஒன்றை வைத்தேன். அது மூன்று மூன்று குறியீடுகளாகச் சேமிப்பதால் கோப்பு பெருத்துவிடும். ஆகவே சுருக்கங்களை அதில் சேர்க்கவில்லை. முதல் தேடலில் ஒன்றும் கிடைக்காதபோது மட்டும் நிரல் அதை நாடுகிறது. ‘பூ’, ‘தீ’ போன்ற சொற்கள் இரண்டே குறியீடுகளால் ஆனவை என்பதால் டிரைகிராமுக்கு எட்டாதவை. அவற்றுக்கு முதல் அட்டவணையே விடை தருகிறது.