ஒரே தீவில் இரண்டு நூலகங்கள்

ஒசாகாவில் யோதோயாபாஷி நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் நகனோஷிமா. இருபுறமும் ஆறு ஓட, நடுவே நீளமாகக் கிடக்கிற தீவு. இங்குள்ள இரண்டு நூலகங்களுக்காகவே ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தேன். பழையதற்கு ஞாயிறு விடுமுறை.

அந்தப் பழையது, ஒசாகா மாகாண நகனோஷிமா நூலகம். 1904-ல் திறந்தது. முகப்பைப் பார்த்தால் கிரேக்கக் கோயில்தான், நான்கு பெரிய தூண்களோடு. செம்புச் சுரங்கத்தில் செல்வம் சேர்த்த சுமிதோமோ குடும்பம் கட்டடத்தையும் தந்து, புத்தகம் வாங்கப் பணமும் தந்திருக்கிறது. இடம் போதாமல் போனதும் 1922-ல் இரு பக்கமும் இரண்டு கட்டடங்களைச் சேர்த்துக் கொடுத்ததும் அவர்களே.

உள்ளே வட்டக் கூடம். மரப் படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறுகிறது. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன், நூறு வருடக் கைகள் தேய்த்த வழவழப்பு. அண்ணாந்தால் குவிமாடம், அதன் உச்சியில் வண்ணக் கண்ணாடி. சுற்றிலும் எட்டு அறிஞர்களின் பெயர்கள் பொறித்திருக்கின்றன. கூட வந்த நண்பர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார்: கன்பூசியஸ், சாக்ரடீஸ், அரிஸ்டாட்டில், ஷேக்ஸ்பியர், கான்ட், கதே, டார்வின். எட்டாவது பெயர் ஜப்பானியருடையது, சுகவாரா நோ மிச்சிசானே. கல்விக் கடவுளாக இங்கே கும்பிடப்படுகிறவர். ஊர்க்காரரையும் உலகத்தாரையும் ஒரே வரிசையில் வைத்த அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஒசாகாவைப் பற்றிய பழைய ஆவணங்களுக்கும் தொழில் சார்ந்த நூல்களுக்கும் இப்போது இது பேர் பெற்ற இடம். மேசையில் ஒரு பெரியவர் பழைய வரைபடம் ஒன்றிலிருந்து தெருப் பெயர்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயரையும் எழுதியதும் விரலால் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். சத்தம் என்றால் அந்தப் பென்சில் சத்தம்தான்.

அப்புறம் 1918-ல் கட்டிய செங்கல் நிறப் பொதுமண்டபத்தைத் தாண்டி நடந்தோம். 'கொதொமோ ஹொன் நோ மோரி', அதாவது குழந்தைகள் புத்தகக் காடு. இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ வடிவமைத்து, கட்டிமுடித்து நகரத்துக்கே கொடுத்துவிட்டார். 2020-ல் திறந்தது. வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பச்சை ஆப்பிள் சிற்பம். கட்டணம் கிடையாது, முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள், நிறைய அட்டைகள் நம்மைப் பார்த்தபடி. எனக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனாலும் அங்கே நான் அந்நியமாக உணரவில்லை. யானை யானைதான், மழை மழைதான். படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒரு தவளைக் கதையைப் படம் பார்த்தே முடித்தேன். பக்கத்தில் நான்கு வயது இருக்கும் ஒரு சிறுமி, தன் புத்தகத்தை என் பக்கம் திருப்பி ஒரு பூனையைக் காட்டினாள். 'நேக்கோ' என்றாள். நானும் 'நேக்கோ' என்றேன். திருப்தியாகிப் பக்கத்தைப் புரட்டினாள்.

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் வெளியே பூங்காவுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். நாங்கள் கிளம்பும்போது ஆற்றோரப் புல்வெளியில் ஒரு தாத்தாவும் பேரனும் கவிழ்ந்து படுத்திருந்தார்கள். தாத்தா வாசிக்க, பேரன் காற்றில் பறக்கிற பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.